புகாருக்குள் ஊதிய குழல்

மச்சான்,

குழல் சமையலறை மேசையில் கிடக்கிறது. நேற்று மாலை வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தது, இன்னும் காயவில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற, ஊதினால் காட்டு வாத்து, அதுதான் தாரா, அதைப் போலக் கத்துகிற அதே குழல்தான். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் தேயிலை மணத்தை மீறி அதன் மணம் வருகிறது. உப்பும் அழுகின புல்லும் கடல் வற்றின இடத்துக் கறுத்தச் சேறும் கலந்த மணம். ஜன்னலைத் திறந்தேன். பார்க் எக்ஸ்டென்ஷனின் ஒக்டோபர் குளிரும், கீழ்வீட்டில் யாரோ வெங்காயம் வதக்குகிற வாசமும் உள்ளே வந்தன. சேற்று மணம் போகவில்லை.

நேற்று உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்தக் குடாவுக்குப் போய் வந்தேன். நீ போய் ஒரு வருடமாகிறது. இந்த வருடம் முழுவதும் அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. செத்தவீட்டில் கேட்டாள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கேட்டாள், பிறகு காரணமில்லாமல் தொலைபேசி எடுத்தும் கேட்டாள். "அண்ணை, நீங்கள் ஊதினது அவருக்குக் கேட்டதோ?" நானும் ஒவ்வொரு முறையும் "கேட்டது தங்கச்சி" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்க்க என்னால் முடிந்ததில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் உன் மூக்கால் வந்த வினை. சென்ட் லோரன்டில் ஒரே தொழிற்சாலையில், பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் நின்ற நாங்கள், ஒரு கோடைக்கு உன் வான் வண்டியில் ஆறு கடலோடு சேருகிற பக்கமாகச் சும்மா ஊர் பார்க்கப் போனோம். கியூபெக் நகரம் தாண்டி, ஆறு அகன்று அகன்று எதிர்க்கரை மங்கிப்போன ஓர் இடத்தில் நீ வானை நிற்பாட்டினாய். கடல் வற்றியிருந்தது. எட்டினவரைக்கும் சேறு. நீ இறங்கி நின்று மூச்சை இழுத்துவிட்டு, "மச்சான், எங்கட கடல்நீரேரியைக் கொண்டுவந்து இஞ்ச வச்சிருக்கிறாங்களடா" என்றாய். எனக்கு அது வெறும் நாற்றம். நான் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன். நீ மீன் மறிக்கிற களங்கட்டி வலைக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வளர்ந்தவன். அந்தச் சேற்றுக்கு மேலே அன்று தாராக் கூட்டம் ஒன்று எழும்பிச் சுற்றி இறங்கியது. நீ வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அதன் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு கியூபெக்காரன் தன் குளிர்பெட்டியிலிருந்து காட்டுத் தாரா ஒன்றை உனக்குத் தந்தான். அதை எங்கள் ஊர்த் தூள் போட்டுப் பிரட்டல் வைத்துத் தின்ற அன்றே நீ முடிவெடுத்துவிட்டாய். துவக்கும் தோட்டாவும் கையாளுகிற பாதுகாப்பு வகுப்பு, வேட்டை வகுப்பு, பறவை இனம் பிரித்தறிகிற படங்கள், எல்லாம் பிரெஞ்சில். உன் பிரெஞ்சோ தொழிற்சாலைப் பிரெஞ்சு. "மேர்சி" என்று நன்றி சொல்லவும் மேற்பார்வையாளரைத் திட்டவும் மட்டும் போதுமானது. அப்படியிருந்தும் சனிக்கிழமைகளில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாய். பக்கத்தில் என்னையும் இழுத்து உட்காரவைத்தாய்.

துவக்கு வாங்கிக்கொண்டு ரொக்ஸ்பரோவில் இருக்கிற உன் வீட்டுக்குள் நீ நுழைந்த நாளில் நானும் கூட இருந்தேன். உன் மனைவி கதவடியில் நின்று உன்னையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தாள். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள் நாங்கள். இப்ப காசு குடுத்து அதை வாங்கிக்கொண்டு வாறியளோ?" என்றாள். நீ ஏதோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தாய். அவள் சிரிக்கவில்லை. நீ அதை நிலவறையில் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாய். அவள் அந்த அலமாரிக்கு மேலே ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடினாள். உடுப்புத் தோய்க்க இறங்கும்போது கண்ணில் படக்கூடாதாம். அந்த விரிப்பு இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது. அலமாரிக்குள் ஒன்றும் இல்லை.

என்னிடம் துவக்கு இல்லை. முதலில் உன் பக்கத்தில் இருந்து பழகுவது, பிறகு வாங்குவது என்று ஏற்பாடு. ஆகவே எனக்குத் தந்த வேலை இந்தக் குழல். அதை வாயில் வைத்து ஊதினால் முதலில் வந்தது தாராச் சத்தம் இல்லை, கழுத்தைப் பிடித்த கோழியின் சத்தம். வீட்டில் பழகினால் கீழ்வீட்டுக்காரி கூட்டுகிற தும்புத்தடியால் முகட்டில் இடித்தாள். ஆகவே காரில் பழகினேன், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும்.

முதற்பருவத்தில் நாங்கள் பட்ட கேவலம் கொஞ்சமா? மிதக்கவிடுகிற பொம்மைத் தாராக்களை நீ பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையில் நிறுத்தினாய். மேலே போன உண்மைத் தாராக்கள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. அவை காற்றுக்கு முகம் கொடுத்து, கலைந்து கிடக்க வேண்டும், இறங்குவதற்கு நடுவில் ஓர் இடம் விட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. முதன்முதல் விழுத்தினது மீன் தின்னுகிற தாரா. உன் மனைவி தூளை அள்ளிப் போட்டும் சட்டி முழுக்க மீனெண்ணெய் நாறியது. "உங்கட துவக்கால கிடைச்சது இந்த நாத்தம்தான்" என்று சட்டியோடு பின்வாசலில் கொண்டுபோய் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் கடையில் பீற்சா வாங்கித் தின்றோம். அன்றைக்குத்தான் அவள் துவக்கு விஷயத்தில் முதன்முதல் சிரித்தாள்.

வேட்டையில் நீ விளையாட்டுக்கும் மீறாத ஒரு சட்டம் இருந்தது. சுட்ட பறவையைத் தேடி எடுக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். அவர்கள் சொல்லியிராவிட்டாலும் நீ அப்படித்தான் இருந்திருப்பாய். "கொன்றால் ஒரேயடியாக் கொல்லோணும். குத்துயிரும் குலையுயிருமா விட்டிட்டு வந்தால் எனக்குச் சோறு இறங்காது" என்பாய். எங்களிடம் நாய் இல்லை. மற்ற வேட்டைக்காரரின் நாய் செய்கிற வேலையை நீயே செய்தாய். நெஞ்சுவரை வருகிற ரப்பர்க் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கி நடப்பாய்.

குடாக்கரையில் எங்களுக்கு அறை தந்த மனிதர் அந்த நடையை ஜன்னலால் பார்த்திருக்கிறார். ஒரு காலை கோப்பி ஊற்றித் தந்துவிட்டு உனக்குக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். இங்கே கடல் முன்னால் வராது, பின்னால் வரும். சேற்றுக்குள் வாய்க்கால்கள் ஓடுகின்றன, பெருக்கு முதலில் அவற்றில்தான் ஏறும், உனக்கு முன்னால் காய்ந்த சேறு கிடக்கும்போதே உனக்கும் கரைக்கும் நடுவில் ஆளை மூடுகிற தண்ணீர் நிற்கும். நீ பணிவாகத் தலையாட்டினாய். வெளியே வந்ததும் என் விலாவில் இடித்து, "மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்கிறார் கிழவர்" என்றாய். உனக்குத் தெரிந்த கடலில் வற்றும் பெருக்கும் ஒரு சாண் ஏறி இறங்குகிற சங்கதி. அங்கே எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்போடு நிற்கும். நீ இந்தக் குடாவின் மணத்தை நம்பினாய். அதே மணம் என்றால் அதே கடல் என்று உன் கால்கள் நினைத்தன. கால்களுக்குப் பெருக்கு நேர அட்டவணையைப் படித்துக் காட்ட முடியாது மச்சான்.

இரண்டாம் வருடம், பருவம் தொடங்குவதற்கு முன், தொழிற்சாலைக் கார் தரிப்பிடத்தில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வேலை முடிந்து நான் முன்னதாகவே வந்து காருக்குள் இருந்து கண்ணாடியை இறக்கிவிட்டு ஊதிக்கொண்டிருந்தேன். நீ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாய். வந்தவன் நின்று வானத்தைப் பார்த்தாய். களஞ்சியக் கூரைகளுக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தை வளைத்துத் தாரா தேடினாய். நான் சிரித்த சத்தத்தில்தான் உனக்கு விளங்கியது. ஓடிவந்து கார்க் கூரையில் தட்டி, "டேய், இனி உன்னையும் தாராவையும் பிரிக்கேலாதடா!" என்று கத்தினாய். ஒரு மனிதன் என் வேலையைப் பார்த்து அவ்வளவு சந்தோசப்பட்டதை நான் அதற்குமுன் கண்டதில்லை. அன்றிரவு முழுக்க எனக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் இப்போது என்னைத் தின்கிறது.

நீ போன அந்தக் காலை நல்ல காலை. காற்று இல்லை, கடல் நன்றாக வற்றிக் கிடந்தது. தூரத்தில் மூடுபனி போல மெல்லிய புகார், அவ்வளவுதான். நான் ஊத, ஒரு கூட்டம் சுற்றிவந்து பொம்மைகளுக்கு நடுவில் காலை நீட்டி இறங்கியது. நீ எழும்பிச் சுட்டாய். ஒன்று விழுந்த இடத்திலேயே கிடந்தது. மற்றது இறகு முறிந்து, சேற்றில் அடித்து அடித்து வெளிப்பக்கமாக ஓடியது. நீ துவக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பினாய். மிதவைச் சட்டை நாங்கள் ஒளித்திருந்த மறைப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைப் போட்டால் துவக்கு தோளில் சரியாக இருக்காது என்று எப்போதும் சொல்வாய்.

"பெருக்குத் தொடங்கப் போகுதெல்லோ?" என்றேன்.

"இன்னும் நேரம் கிடக்கு. நீ இதிலை இரு. வாறன்."

நடந்து போனாய். சிறுத்துச் சிறுத்துப் போய் வெள்ளைக்குள் மறைந்தாய். கொஞ்ச நேரத்தில் ஒரு வெடி கேட்டது. பிறகு உன் குரல், சந்தோசமாக, "எடுத்திட்டன்! வாறன்!"

நான் "ஓம்" என்று கத்தினேன். அந்த நேரத்துக்குள் புகார் முழுதாக இறங்கிவிட்டது. என் பொம்மைத் தாராக்களே எனக்குத் தெரியவில்லை. நீ வரவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு தரம் பதில் வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். என் கால்மாட்டுப் புல்லுக்குள் தண்ணீர் வந்து நின்றது. அப்போதுதான் அறைக்காரர் சொன்னது எனக்கு விளங்கியது. தொலைபேசியில் அவசர உதவியைக் கூப்பிட்டேன். நான் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது, கரையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நீ சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருவாய் என்றாள் அங்கே பேசின பெண். துவக்கு உன்னிடம். சத்தம் போட என்னிடம் இருந்தது தொண்டை மட்டும். குளிரிலும் பயத்திலும் அது கெதியாக அடைத்துப்போனது. காற்றுத்தான் வந்தது.

ஆகவே குழலை எடுத்தேன். குரலைவிடத் தூரம் போகும் அது. ஊதினேன், ஊதினேன், கரையில் ஏறி ஏறிப் பின்வாங்கிக்கொண்டு ஊதினேன். உதடு வெடித்து இரத்தம் வந்தது. நான் ஊத ஊதப் புகாருக்குள்ளிருந்து தாராக்கள் பதில் சொல்லின. அந்த நேரம் அதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. தாரா கத்துவது குடாவில் என்ன புதினம்?

படகு வந்தது, பிறகு வானத்திலும் தேடினார்கள். மறுநாள் கடல் வற்றியபோதுதான் உன்னைக் கண்டார்கள். ரப்பர்க் காற்சட்டை தண்ணீரால் நிரம்பி, முழங்கால்வரை சேற்றில் புதைந்து கிடந்தாய். தாராவை இடுப்புப் பட்டியில் கட்டியிருந்தாய். பொலிஸ்காரர் இடத்தைக் கையால் காட்டினார். நான் கை காட்டின பக்கத்தைப் பார்த்தேன், அவர் வேறு எங்கோ காட்டுகிறார் என்று நினைத்துத் திரும்பவும் கேட்டேன். நீ என் பக்கம் வரவில்லை மச்சான். நான் நின்ற கரைக்கு நேரெதிராக, வாய்க்காலுக்கு அங்காலே, கோரைப் புல் அடர்ந்த பக்கத்தில் கிடந்தாய். தாராக்கள் கூட்டமாகத் தங்குகிற இடம் அது.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. செத்தவீட்டில் சனம் தங்களுக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்லிக்கொண்டது. "பறவையைக் கொன்ற பாவம் சும்மா விடுமோ" என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். அதே வாய்தான் அந்த வருடத் தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை உன் வீட்டில் தாராப் பிரட்டலுக்கு இரண்டாந்தரமும் கோப்பையை நீட்டியது. எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். உன் மனைவி இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு வெளியே போய்க் குளிரில் நின்றேன்.

ஒரு வருடம் நிறைந்த ஆட்டைத் திவசம் ஐயரைக் கொண்டு வீட்டில் முடிந்தது. மறுநாள் உன் மனைவி தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, அந்த இடத்தை நான் பாக்கோணும். குழலையும் கொண்டுவாங்கோ" என்றாள். நான் ஏதேதோ சாட்டுச் சொன்னேன். அவள் விடவில்லை. வழி முழுக்க மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தாள். கரையில் இறங்கினதும் ஒரு கல்லில் வாழையிலை விரித்தாள். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு தாராப் பிரட்டல். "சீனக்கடையில வாங்கின தாரா. இதுக்கு ஒருத்தரும் சேத்துக்குள்ள இறங்க வேண்டியதில்லை" என்றாள். அவளுடைய நாக்கு உனக்குத் தெரியும்தானே. சொல்லிவிட்டு அழுதாள்.

கடல் வற்றிக் கிடந்தது. புகார் இல்லை. நல்ல வெயில். நீ கிடந்த பக்கத்தைப் பொலிஸ் அவளுக்கும் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள், ஆகவே அதைத் தானாகவே கண்டுபிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஊதுங்கோ அண்ணை. அவருக்குக் கடைசியாக் கேட்ட சத்தம் எது எண்டு நானும் கேக்கோணும்."

"வேண்டாம் தங்கச்சி."

"ஊதுங்கோ."

ஊதினேன். ஒரு வருடம் ஊதாத வாய், இருந்தும் நீ பழக்கின சத்தம் பிசகாமல் வந்தது. கோரைப் புல் பக்கத்திலிருந்து உடனே ஒன்று பதில் சொன்னது. பிறகு இன்னொன்று, பிறகு அந்தப் பக்கம் முழுக்க. அவள் கழுத்தைத் திருப்பி அந்தச் சத்தம் வந்த பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திரும்ப அங்கே பார்த்தாள். அவளுக்கு விளங்கிக்கொண்டு வருவதை நான் முகத்திலேயே கண்டேன். குழலை வாயிலிருந்து எடுத்தேன். தாராக்கள் நிறுத்தவில்லை. என்னை அவள் அடித்திருந்தாலும் நின்று வாங்கியிருப்பேன்.

பிறகு சொன்னாள்:

"நீங்கள் எண்டு நினைச்சுத்தான் அங்கால போயிருக்கிறார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப வழி தெரியாமல் தவிக்கேல்லை. உங்களிட்டத்தான் வாறன் எண்டு நினைச்சுக்கொண்டு போயிருக்கிறார்." அதை எனக்குச் சொன்னாளா தனக்குச் சொன்னாளா என்று தெரியாது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அது காணும் எனக்கு" என்றாள்.

அவளுக்கு அது போதும். எனக்குக் காணாது மச்சான். அவள் குனிந்து வாழையிலையைத் தூக்கித் தண்ணீர் வருகிற வாய்க்காலில் விட்டாள். நான் குழலையும் எறியக் கையை ஓங்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் வாங்கித் தந்தது. வச்சிருங்கோ. ஆனால் இனி ஊதாதேங்கோ."

ஊதமாட்டேன். மேசையில் கிடந்து காயட்டும், பிறகு பெட்டிக்குள் வைத்துவிடுவேன். நான் கொண்டு திரிவது அதை அல்ல. குழல் பழகின காரில் வேலைக்குப் போவதை விட்டுவிட்டேன். காலை ஷிப்டுக்குப் பஸ்ஸுக்கு நிற்கும்போது சில நாட்களில் பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்கப் புகார் இறங்கி, எதிர்ப்பக்கக் கடை விளக்குக்கூடத் தெரியாது. அந்த நாட்களில் என்னையறியாமல் வாய் திறந்து உன் பெயரைச் சொல்கிறது. பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் திரும்பவும் சொல்கிறேன், கொஞ்சம் பலமாக. தொண்டை கிழிந்தாலும் அன்று நான் கத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டியது அதைத்தான். அந்தக் குடாவில் இருந்த எந்தத் தாராவுக்கும் உன் பெயர் தெரியாது.